அளவையியல், அரியர் தாள்

காமர்ஸ் கேட்டேன், நிரம்பிவிட்டது என்றார்கள்.
வரலாறு கேட்டேன், நேற்றே முடிந்தது என்றார்கள்.
தத்துவத்தில் மட்டும் பதினேழு இடம் காலி.
"சேந்துக்கோம்மா, ஸ்காலர்ஷிப் வரும்" என்றார் கிளார்க்.
அவர் சொன்னது உரையளவை.
ஸ்காலர்ஷிப் இன்னும் வரவில்லை.

முதல் பாடம்:
மலையில் புகை தெரிகிறது,
ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது.
நான் கொடுங்கையூர்க்காரி.
எங்களுக்கிருக்கிற ஒரே மலை குப்பை மலை.
அங்கே புகை இருக்கும், நெருப்பைக் காணோம் என்று
வந்த வண்டி மணியடித்துக்கொண்டு திரும்பிப் போகும்.
எண்ணூர்ப் பக்கம் பார்த்தாலோ
மலையே இல்லாமல் புகை.
கையைத் தூக்கினேன்.
"உதாரணத்தை நோண்டாதே, தர்க்கத்தைப் பார்"
என்றார் மேடம், இருமிக்கொண்டே.

அடுத்து கயிறும் பாம்பும்.
அரையிருட்டில் கயிறு பாம்பாகத் தெரிகிறதாம்,
விளக்கு வந்ததும் பாம்பு போய்விடுகிறதாம்.
தேசப்பன் மாமா காசிமேட்டில் போட்டுக்குப் போகிறவர்.
வலையில் கயிறும் வருமே, கடல்பாம்பும் வருமே,
எப்படி மாமா கண்டுபிடிப்ப?
"ரெண்டையும் பாம்புன்னு வெச்சிக்க.
கயிறா இருந்தா அதுக்கு இன்னா கோவமா வரப்போவுது?"
அப்படியே தேர்வில் எழுதினேன்.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: சான்று?
மாமாவின் இடது பெருவிரலில் ஒரு தழும்பு உண்டு.
அதை விடைத்தாளோடு
நூல் போட்டுக் கட்ட முடியவில்லை.

பிறகு அந்தச் சித்திரை விடிகாலை.
ஹாரன் கேட்டது.
தண்ணி லாரி வந்துவிட்டது என்று நம்பினேன்.
நம்பக் காரணம் இருந்தது: அதே ஹாரன், அதே நேரம்.
நாலு குடத்தோடு ஓடினேன்.
ஹாரன் அடித்தது
மணலிக்குப் போகிற காஸ் டேங்கர்.
ஆனால் அதற்குப் பின்னால்
ஹாரன் ரிப்பேராகி, ஊமையாக, சொட்டிக்கொண்டு
நின்றிருந்தது நிஜமான தண்ணி லாரி.

நம்பினேன்.
நம்பியது உண்மை.
காரணமும் கையில் இருந்தது, தப்பான காரணம்.
அப்படியானால் லாரி வந்தது
எனக்குத் தெரியுமா, தெரியாதா?
இத்தனை நாள் நோட்ஸில் கொட்டாவி விட்ட கேள்வி
எங்கள் தெருமுனையில்
எனக்கே எனக்கென்று வந்து இறங்கியிருக்கிறது!
இடுப்பில் குடத்தோடு நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

"இன்னாடி செலையாட்டம்? நவுரு, பைப்ப வுடு"
என்றாள் ரோணிக்கா அக்கா.
அவள் பின்னால் இருபது குடம்.
எனக்குக் கிடைத்தது ஒன்று, அதுவும் கலங்கல்.

"லாரி வந்தது தெரியுமா தெரியாதாடி ஒனக்கு?"
"அதாம்மா கேள்வியே" என்றேன்.
அம்மா கையில் கரண்டி இருந்தது: காட்சியளவை.
அடுத்து என்ன ஆகும்: கருதலளவை.
ஓடினேன்.

அரியர் தாளில் அதே கேள்வி.
அறிவாவது யாது? பதினாறு மதிப்பெண்.
லாரியை எழுதினேன், டேங்கரை எழுதினேன்,
கலங்கலை எழுதினேன்,
கூடுதல் தாள் இரண்டு முறை வாங்கினேன்.
முடிவுரைக்கு மட்டும் நேரமில்லை.
எத்தனை மணிக்கு மணியடித்தார்கள் என்பதை
யாரும் என்னிடம் கேட்கவில்லை,
கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன்.

மூலக்கடை ஸ்டாப்பில் ஒருவர்,
மடியில் மிக்ஸி ஜாரோடு:
"அறுவத்தினாலு சி போயிடுச்சாம்மா?"

நான் வந்து பத்து நிமிஷம் ஆகிறது சார்,
அதற்கு முன்னால் போயிருக்கலாம்,
நான் பார்க்கவில்லை என்பதாலேயே
போகவில்லை என்று சொல்லிவிட முடியாது,
காணாமை வேறு, இன்மை வேறு.
இன்னொன்று, போர்டு விழுந்த பஸ் என்றால்
அது வந்தாலும் நமக்கு...

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் பெரிதாக, சிவப்பாக
ஏதோ வந்து, நின்று, மூச்சுவிட்டு,
கிளம்பிப் போயிற்று.

"போயிடுச்சு சார்" என்றேன்,
மூன்று வருடத்தில் முதல் முறையாக
சந்தேகமே இல்லாமல்.